தினமும் நடந்த அப்பாவுக்கு மாரடைப்பு. இனியும் நடக்கச் சொல்வதா, விட்டுவிடுவதா?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 63 வயது. சர்க்கரை வந்து 14 வருஷம் ஆகிறது. மதுரையில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் தவறாமல் காலை 45 நிமிடம் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடை. மழை பெய்தால் குடையோடு போவார். மூன்று வாரம் முன்பு ஒரு ராத்திரி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது, மூச்சு வாங்கியது. நெஞ்சுவலி துளிகூட இல்லை. "கேஸு"ன்னு சொல்லி சோடா குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். காலையில் இசிஜி எடுத்தால் மாரடைப்பு. இரண்டு அடைப்பு, ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்.

இப்போது பிரச்சினை வேறு. அப்பா நடக்க மாட்டேன் என்கிறார். "ஆறு வருஷம் நடந்து என்னத்தக் கண்டேன்? நடக்காத உன் பெரியப்பன் கல்லுக்குண்டாட்டம் இருக்கான்" என்று ஒரே பிடிவாதம். இதற்கிடையில் மாமா வாட்ஸாப்பில் ஒன்றை அனுப்பிவிட்டார்: அமெரிக்காவில் ஐயாயிரம் சர்க்கரை நோயாளிகளைப் பத்து வருஷம் உடற்பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்களாம், இதயத்துக்கு ஒரு பலனும் இல்லையென்று ஆராய்ச்சியையே பாதியில் நிறுத்திவிட்டார்களாம். அப்பா அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்.

அது உண்மையா? உண்மையென்றால் நான் எந்த முகத்தோடு அவரை எழுப்பி நடக்க அனுப்புவது?

---

திண்ணைப்பேச்சு

தம்பி, அப்பா குணமாக வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் ராத்திரி வெந்தயம் ஊறவைத்துக் காலையில்

*[மீதி நீக்கப்பட்டது. கைவைத்தியத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போடுங்கள். – நெறியாளர்]*

---

மருந்துச்சீட்டு

பொது மருத்துவராக இருக்கிறேன். முதலில் அந்த வலி இல்லாத விஷயம், ஏனென்றால் இதைப் படிக்கும் பலருக்கும் இது நாளைக்கே தேவைப்படலாம்.

சர்க்கரை பல வருஷம் இருந்தால் பாதத்து நரம்பு மரத்துப்போவது எல்லோருக்கும் தெரியும். இதயத்துக்குப் போகும் நரம்புக்கும் அதே கதிதான். ரத்தம் போகாமல் இதயத் தசை தவிக்கும், ஆனால் அந்தச் சேதியை மூளைக்குக் கொண்டுபோகும் கம்பி பழுதாகியிருக்கும். அதனால் சர்க்கரைக்காரர்களுக்கு மாரடைப்பு வேறு வேஷத்தில் வரும்: காரணமில்லாத வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல், தாடையில் ஒரு இறுக்கம், திடீர் அசதி. "நேற்றுவரை ஏறிய மாடி இன்றைக்கு ஏற முடியவில்லை" என்பதும் அறிகுறிதான். இவற்றில் எதையும் கேஸ் என்று தள்ளிப்போடாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி எப்போதும் 100ஐத் தாண்டி ஓடுகிறது, படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதய நரம்பு பாதிக்கப்பட்டவர்களிடம் பார்க்கிற அடையாளங்கள் அவை.

மாமா அனுப்பிய சேதி பொய்யில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. இந்த இழையில் கணக்கு வாத்தியார் இருக்கிறார், அவர் விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

எண்ணும்எழுத்தும்

கூப்பிட்டதற்கு நன்றி டாக்டர். புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவன் நான், மருத்துவன் இல்லை. ஆனால் அந்த ஆய்வை வகுப்பில் வருஷாவருஷம் எடுத்துக்காட்டாகப் பேசுகிறேன்.

பெயர் 'லுக் அஹெட்'. 2001இல் தொடங்கியது. அமெரிக்காவில் 16 மையங்கள். உடல் எடை கூடுதலாக உள்ள, டைப் 2 சர்க்கரை இருக்கிற 5,145 பேர். பாதிப்பேருக்குத் தீவிரமான வாழ்க்கைமுறைப் பயிற்சி: சாப்பாட்டைக் குறைப்பது, வாரம் 175 நிமிடம் உடற்பயிற்சி. மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சையும் எப்போதாவது ஒரு ஆலோசனைக் கூட்டமும். 2012இல், சராசரியாகப் பத்து வருஷத்தை நெருங்கும்போது நிறுத்தினார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம், நெஞ்சுவலிக்காக ஆஸ்பத்திரியில் சேர்வது எல்லாவற்றையும் கூட்டினால், பயிற்சி எடுத்த பக்கம் நூறு பேருக்கு வருஷத்துக்கு 1.83, எடுக்காத பக்கம் 1.92. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். மாமா சொன்னது இதுவரை சரி.

இனி அவர் அனுப்பாத பக்கம்.

முதலாவது, அந்த ஆய்வு கேட்ட கேள்வி "உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லதா" என்பதல்ல. எடையைக் குறைக்கும் ஒரு முழுத் திட்டம், நல்ல மருத்துவத்துக்கு மேல் கூடுதலாக எதையாவது தருமா என்பதுதான். பயிற்சி எடுக்காத பக்கத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் பயிற்சிக்காரர்களைவிட அதிகமாகக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை எடுத்தார்கள், இன்சுலினும் அதிகம். அதாவது ஒரு பக்கம் வியர்வை, இன்னொரு பக்கம் மாத்திரை. ஆட்டம் டிராவில் முடிந்தது.

இரண்டாவது, முதல் வருஷம் சராசரியாக உடல் எடையில் 8.6 சதவீதம் குறைந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏறியது. உடல் திறனும் அப்படியே, ஏறிவிட்டு இறங்கியது. பத்து வருஷம் ஒரே சீராக ஓடியவர்களின் கதை இல்லை அது.

மூன்றாவது, 2016இல் அதே ஆட்களைப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தவர்களுக்கு இதயப் பாதிப்பு 21 சதவீதம் குறைவு. ஆனால் எச்சரிக்கை: இது பின்னால் போட்ட கணக்கு. எடையைக் குறைக்க முடிந்தவர்கள் ஏற்கனவே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம். இதை வைத்துச் சத்தியம் பண்ண நான் தயாரில்லை.

---

குதர்க்கம்

வாத்தியார் சொன்னதை வைத்தே கேட்கிறேன். வியர்வையும் மாத்திரையும் டிரா என்றால், மாத்திரை போடுவது சுலபம்தானே? எதற்கு விடியக்காலை எழுந்து நாய்க்குப் பயந்து நடக்க வேண்டும்?

---

எண்ணும்எழுத்தும்

நியாயமான கேள்வி. அதே ஆய்வில் பயிற்சிக்காரர்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பது குறைந்தது, சிறுநீரகக் கோளாறு குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, மாத்திரைச் செலவு குறைந்தது. உங்களுக்கு அதெல்லாம் வேண்டாமென்றால் தூங்குங்கள்.

இன்னொன்று. இவருடைய அப்பா இப்போது "வராமல் தடுக்க வேண்டியவர்" இல்லை, "வந்துவிட்டவர்". அதற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. மாரடைப்பு, ஸ்டென்ட், பைபாஸ் ஆனவர்களுக்கு மேற்பார்வையோடு உடற்பயிற்சி கொடுத்த 63 ஆய்வுகளை, மொத்தம் 14,486 பேர், 2016இல் காக்ரேன் என்கிற மருத்துவ ஆய்வுத் தொகுப்புக் குழு தொகுத்தது. இதயநோயால் செத்தவர்கள் 10.4 சதவீதத்திலிருந்து 7.6 ஆக இறங்கினார்கள். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போவது 30.7இலிருந்து 26.1. எல்லாக் காரணத்தாலும் நேரும் மரணத்தைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் சர்க்கரை இல்லை.

அப்புறம், கண்டக்டர் என்றதும் ஒரு ஞாபகம். உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை முதன்முதலில் ஒழுங்காக அளந்ததே பஸ் கண்டக்டர்களை வைத்துத்தான்! ஜெரி மாரிஸ் என்கிற மருத்துவர், 1953இல் வெளியிட்டது. லண்டன் மாடி பஸ்ஸில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பார், கண்டக்டர் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். குண்டானவர்கள்தான் டிரைவர் வேலைக்குப் போகிறார்களோ என்ற சந்தேகம் வந்தபோது, சீருடை தைத்த இடுப்பளவுக் கணக்கை எடுத்துப் பார்த்தார் மனுஷன். டிரைவர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. சண்டை முடியவில்லை. ஆனால் பேண்ட் அளவில் ஆராய்ச்சி செய்த அந்த மூளை எனக்குப் பிடிக்கும்.

---

வைகைக்கரை

சார், அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். "நம்ம ஊரு பஸ்ஸுல மாடி ஏதுடா? ஒத்தக்கால்ல நின்னு டிக்கெட் கிழிச்சேன்" என்கிறார். ஆனால் சிரித்தார். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு.

---

பிசியோ_கோவை

இதய மறுவாழ்வுப் பிரிவில் வேலை செய்கிறேன். வைகைக்கரை, மூன்று கேள்வி. அப்பா 45 நிமிடத்தில் எத்தனை சுற்று? யாரோடு நடந்தார்? நடந்து முடித்து என்ன சாப்பிட்டார்?

---

வைகைக்கரை

நான்கு சுற்று. பழைய டிப்போ நண்பர்கள் ஐந்து பேர். அரசியல் பேச்சு, நடுவில் பெஞ்சில் ஒரு இடைவேளை. முடித்ததும்... சொல்ல வெட்கமாக இருக்கிறது... பருத்திப்பால்.

---

பிசியோ_கோவை

நினைத்தேன்! கருப்பட்டி போட்டதுதானே. கோபமில்லை, மதுரைக்காரர் பருத்திப்பாலை விட்டால்தான் எனக்குக் கவலை வரும்.

ஆனால் விஷயம் இதுதான். அப்பா நடந்தார், பயிற்சி செய்யவில்லை. ஆறு வருஷமாக அதே மைதானம், அதே வேகம். உடம்பு முதல் இரண்டு மாதத்திலேயே அந்த வேகத்துக்குப் பழகிவிடும். அதற்குப் பிறகு இதயத்துக்கு அது வேலையே இல்லை. நடந்தது வீண் என்று சொல்லவில்லை. நடக்காமல் இருந்திருந்தால் இந்த மாரடைப்பு எப்போது வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் திறன் ஏறவில்லை. சர்க்கரைக்காரர்களின் இதயத்துக்கு நான் பார்க்கிற முக்கியமான அளவு எடையும் இல்லை, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையும் இல்லை, மூச்சு வாங்காமல் எவ்வளவு வேலை செய்ய முடிகிறது என்பதுதான்.

எப்படித் தெரிந்துகொள்வது? பேசிக்கொண்டே நடக்கலாம், ஆனால் பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. அரசியலை முழு வாக்கியத்தில் நிதானமாக அலச முடிந்தால் வேகம் போதாது.

அப்பா இப்போது பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பார் என்று நினைக்கிறேன். அந்த மாத்திரை நாடித்துடிப்பை மேலே ஏற விடாது. அதனால் "220இலிருந்து வயதைக் கழி" என்கிற இணையக் கணக்கும், கைக்கடிகாரம் காட்டும் எண்ணும் அவருக்கு உதவாது. மூச்சையும் பேச்சையும் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அடுத்தது நடை மட்டும் போதாது, சதைக்கும் வேலை வேண்டும். கனடாவில் 251 சர்க்கரை நோயாளிகளை வைத்து 2007இல் பார்த்தார்கள்: நடை-சைக்கிள் மட்டும், எடைப் பயிற்சி மட்டும், இரண்டும் சேர்த்து. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c), இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் அதிகம் இறங்கியது. காரணம் எளிது. சாப்பாட்டுச் சர்க்கரை போய்ச் சேருகிற பெரிய கிடங்கு நம் தொடைச் சதை. அது சுருங்கி விரியும்போது இன்சுலின் வந்து கதவைத் தட்டாமலே சர்க்கரை உள்ளே போகும். அந்தப் பலன் ஒன்றிலிருந்து மூன்று நாள் நிற்கும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் லீவு விடாதீர்கள் என்கிறோம். நம்மவர்களுக்கு வயிற்றில் கொழுப்பு அதிகம், கிடங்கு சின்னது. ஜிம் தேவையில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கையை வைத்துத் தள்ளுவது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது போதும். மூச்சை மட்டும் அடக்கக்கூடாது. விழித்திரையில் ரத்தக்கசிவு இருந்தால் கண் டாக்டரைக் கேட்காமல் பளு தூக்கவே வேண்டாம்.

இதெல்லாம் உங்கள் இதய டாக்டர் தலையாட்டிய பிறகு. முதல் சில வாரம் யாராவது பக்கத்தில் இருக்கும் இடத்தில் செய்வது நல்லது. ஆஸ்பத்திரியில் மறுவாழ்வுப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஸ்டென்ட் வைத்தவுடன் "வாக்கிங் போங்க" என்று ஒரு வரியோடு அனுப்புவதுதான் பல இடத்தில் நடக்கிறது. அந்த ஒரு வரியில் எனக்குக் கோபம் உண்டு.

---

கொல்லைப்புறம்

எல்லோரும் அப்பாக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு 52, சர்க்கரை 9 வருஷம். காலை ஐந்தரைக்கு எந்த மைதானத்துக்குப் போவேன்? அப்போதுதான் பால், டிபன், மதியச் சாப்பாடு. சாயங்காலம் எங்கள் தெருவில் விளக்கு எரிவதில்லை. வீட்டு வேலை பயிற்சி ஆகாது என்று டாக்டர் ஒரே வரியில் முடித்துவிட்டார். நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் கால் யாருடையது?

---

மருந்துச்சீட்டு

அக்கா, அந்த டாக்டர் சொன்னது பாதிதான் சரி. மூச்சு வாங்க வைக்கும் வேலை எதுவானாலும் கணக்கில் வரும்: தண்ணீர்க் குடம் தூக்கி மாடி ஏறுவது, துணி துவைத்துப் பிழிவது, மாவாட்டுகிற கல்லுரல் இருந்தால் அதுவும். அடுப்படியில் நிற்பது வராது, அது அசதி மட்டும்தான் தரும்.

நீங்கள் கேட்டது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். சர்க்கரை வந்தால் பெண்ணின் இதயம் ஆணைவிட அதிகம் அடிபடுகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் செய்த ஆய்வில், சர்க்கரை உள்ள ஆண்களுக்கு இதயம் செயலிழப்பது இரண்டு மடங்கு, பெண்களுக்கு ஐந்து மடங்கு என்று 1974இலேயே எழுதினார்கள். வாக்கிங் மைதானத்தைப் பாருங்கள், பத்தில் எட்டு ஆண்கள்.

---

யாழ்_நிலா

அக்காவுக்கு நான் ஒண்டு சொல்லட்டோ. யாழ்ப்பாணத்திலை என்ரை அம்மாவுக்கும் நீரிழிவு. அவவும் உங்களைப் போலத்தான், வெளியிலை நடக்க நேரமில்லை எண்டு சொல்லுவா. நாங்கள் ஒரு வேலை செய்தனாங்கள். மூண்டு நேரமும் சாப்பிட்ட கையோடை முற்றத்துக்கை பத்து நிமிசம் நடக்கிறது. அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நானும் சேர்ந்து நடப்பன், அதுதான் நாங்கள் ரெண்டுபேரும் கதைக்கிற நேரம்.

பிறகுதான் அறிஞ்சனான், நியூசிலாந்திலை 41 பேரை வைச்சு இதையே செய்து பாத்திருக்கினம். ஒரேயடியா 30 நிமிசம் நடந்ததை விட, சாப்பாட்டுக்குப் பிறகு பத்துப் பத்து நிமிசமா நடந்தவைக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தின சீனி 12 சதவீதம் குறைவாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்டால் 22. சோறும் பிட்டும் சாப்பிடுற எங்களுக்கு இரவுதானே பெரிய சாப்பாடு.

---

பிசியோ_கோவை

நிலா, அருமை. ஒரே ஒரு எச்சரிக்கை, அது இதயம் அடிபட்டவர்களுக்கு: வயிறு முட்டச் சாப்பிட்டவுடன் வேகமாக நடந்தால் சிலருக்கு நெஞ்சு இறுக்கம் வரும். மெதுவான பத்து நிமிடம் என்றால் சரி. வேகப் பயிற்சியை வேறு நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

ஐடி_அடிமை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 46 வயது, சர்க்கரை 5 வருஷம், அறிகுறி ஒன்றும் இல்லை. ஜிம்மில் சேருவதற்கு முன் டிரெட்மில் டெஸ்ட், ஆஞ்சியோ எல்லாம் எடுத்துவிடவா? ஒரு இடத்தில் 'டயாபடிக் ஹார்ட் பேக்கேஜ்' போட்டிருக்கிறார்கள்.

---

மருந்துச்சீட்டு

அறிகுறியே இல்லாத சர்க்கரை நோயாளிகள் 1,123 பேரை வைத்து 'டயாட்' (DIAD) என்றொரு ஆய்வு, 2009இல் முடிவு வந்தது. பாதிப்பேருக்கு இதய ஸ்கேன், பாதிப்பேருக்கு இல்லை. ஸ்கேன் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஏதோ கோளாறு தென்பட்டது. ஆனால் ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பிலும் இதய மரணத்திலும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதனால் அறிகுறி இல்லாமல் வேக நடை அளவில் தொடங்குகிறவருக்கு அந்தப் பேக்கேஜ் வேண்டாம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு, சிறுநீரில் புரதம், அல்லது நேராக மாரத்தானுக்குக் குதிக்கப் போகிறீர்கள் என்றால் டாக்டரைப் பார்த்துப் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

---

செவிலியர்_தென்பெண்ணை

யாரும் பாதத்தைப் பற்றிப் பேசவில்லை, நான் பேசுகிறேன். புண் கட்டும் அறையில் 11 வருஷம் இருக்கிறேன். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அடுத்த வாரம் எங்களுக்குக் கூட்டம். கிரிவலம் 14 கிலோமீட்டர், வெறுங்காலோடு. கால் மரத்துப்போனவருக்குக் கல் குத்தியது தெரியாது, தார் ரோடு சுட்டது தெரியாது. வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள் மகள் பார்த்துச் சொல்லுவாள். "உடம்புக்கும் நல்லது, புண்ணியமும் ஆச்சு" என்று போனவர் விரலை இழந்து திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். சாமியைக் கும்பிடுங்கள், எம்சிஆர் செருப்பு (சர்க்கரைக்காரர்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) போட்டுக்கொண்டு கும்பிடுங்கள். ராத்திரி பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கக்கூடாது. ரத்தச் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். நடக்கும்போது 70க்குக் கீழே போனால் மூன்று ஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் கழித்துத் திரும்பச் சோதனை. பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்குப் படபடப்பும் நடுக்கமும் சரியாகத் தெரியாது, வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வாசலைத் தாண்ட விடாதீர்கள்.

---

குதர்க்கம்

சரி சரி. அரசாங்கம் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டத்திலும் 8 கிலோமீட்டர் நடைபாதை அறிவித்ததே, 2023இல். சர்க்கரைக்காரன் 8ம் நடக்கணுமா?

---

பிசியோ_கோவை

வேண்டாம். 8 கிலோமீட்டர் என்றால் சுமார் பத்தாயிரம் காலடி. அந்தப் பத்தாயிரம் காலடிக் கணக்கே 1960களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி விற்கப் பிறந்தது. அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துப் பார்த்தபோது 4,400 காலடியிலேயே பலன் தெரிந்தது, 7,500க்கு மேல் கூடவில்லை. பாதை 8 கிலோமீட்டர் இருக்கட்டும், நீங்கள் முதலில் சோபாவிலிருந்து எழுந்திருங்கள்.

---

குதர்க்கம்

நாய்க்கு யார் பதில் சொல்வது?

---

வைகைக்கரை

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன். கேட்டவர்களுக்காக.

மறுவாழ்வுப் பிரிவு இருந்தது, நாங்கள் கேட்டபிறகுதான் சொன்னார்கள். முதல் நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு அளந்தார்கள்: 310 மீட்டர். இரண்டு தடவை நின்றார். ஆறு வருஷம் தினமும் நடந்த மனுஷன்! அன்றைக்குத்தான் அவருக்கே உறைத்தது என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. போன வாரம் அதே வராந்தாவில் 405. நிற்கவில்லை.

கிளிமிபிரைடு அளவைக் குறைத்திருக்கிறார்கள். நாற்காலியில் எழுந்து உட்காருவது பத்து, மூன்று தடவை. அம்மாவும் கூடச் சேர்ந்துகொண்டார், கொல்லைப்புறம் அக்கா எழுதியதை வாசித்துக் காட்டியதும். டிப்போ நண்பர்களிடம் சண்டை: "வேகமா நடங்கய்யா, இல்ல பெஞ்சுல போயி உக்காருங்க." இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வேறு மைதானம் போய்விட்டார்கள்.

பருத்திப்பால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அரை டம்ளர். அதை அவர் எங்களிடம் பேரம் பேசி வாங்கியது.

மாடிப்படி தினமும் நான்கு தடவை. ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியை இரண்டு தட்டு தட்டி "ரைட், ரைட்" என்று அவராகவே சொல்லிக்கொண்டு ஏறுகிறார். கீழ்வீட்டுக்காரர் என்ன சத்தம் என்று கேட்கிறார்.